பாதிப் பயனுக்கு முழு விலை

சூது தீதென அறியாதார் நம்மில் இலர். திருக்குறளின் 94ஆம் அதிகாரமே அதற்கென அமைந்தது. 2021இல் கடாரத்து அரசும் நான்கு இலக்கச் சூதுக் கடைகளின் உரிமங்களைப் புதுப்பிப்பதில்லை என அறிவித்தது. எனினும், கடை அடைபட்டால் ஆசை அடைபடுமோ? அம்மயக்கம் பிறக்குமிடத்தை ஆராய்வோம்.

ஒமாகா எனும் சீட்டாட்டத்தின் ஒரு வகையில், குவிந்த பணத்தை உயர்ந்த கைக்கும் தாழ்ந்த கைக்கும் பாதிபாதியாகப் பகிர்வர். இருவர் ஆடுகின்றனர், நடுவே 40 வெள்ளி, ஒருவன் மேலும் 20 வைக்கிறான். மற்றவனுக்கோ தாழ்ந்த கை நிறைய இறுதிச் சீட்டு உதவ வேண்டும். காணாத 44 சீட்டுகளில் அதற்கு ஏற்றவை 16. 20 வைத்து 60 ஈட்டலாமென மகிழ்கிறான். அதற்கு நான்கில் ஒரு வாய்ப்பே போதும். அந்தோ! அவனுக்கு உரியது பாதியே. 80இல் 40 பெற்றுத் தன் 20 கழித்தால் ஆதாயம் 20. அதற்கு இரண்டில் ஒரு வாய்ப்பு வேண்டும். அஃது அவனிடம் இல்லை.

நம்பியது குற்றமன்று, பாதிப் பயனுக்கு முழு விலை தந்ததே குற்றம். ‘முன்னரே போட்டேனே’ என்பதும் வாதமாகாது. போட்டது இனி அவன் பொருளன்று. தோழர்களே, சம்பள நாளில் நம்மவர் வைக்கும் 20 வெள்ளியில் வீட்டு அரிசியும் மகளின் புத்தகமும் அடங்கியுள்ளன. கணக்கு இசைந்தாலும், பிறர் பங்கைப் பணயம் வைக்க அறம் இசையுமோ?