உடன்பிறந்தானை இழந்த பிள்ளையிடம் என்ன சொல்வது?



ஒசூரில் நம் இல்லத்திற்கு அண்மையில் ஒரு குடும்பம் வாழ்கிறது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து சிப்காட் வேலையை நம்பி வந்து குடியேறிய நம்மவர்கள். அவ்வீட்டு மூத்த மகன் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளனாக இருந்தான். இரவுப் பணி முடித்து வண்டியில் திரும்புகையில் நெடுஞ்சாலையில் லாரி மோதி உயிர் நீத்தான்.

துக்கம் விசாரிக்க வந்தோர் தாயைத் தழுவி அழுதனர். தந்தையின் கையைப் பற்றினர். பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை வாயிற்படியருகே நின்றிருந்தாள். அவளிடம் வந்தோரெல்லாம் சொன்னது ஒன்றே: "அம்மாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்." பெரியவர் ஒருவர் மட்டும், "அழாதே அம்மா, அழுதால் அசாதா வேதநீயம் கட்டும்" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் கற்றறிந்தவர்; சொன்னதற்கு நூலில் இடமும் உண்டு. ஆயினும் அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. அதுபோன்றதொரு சொல்லை நாமும் ஒரு பிள்ளையிடம் சொன்னதுண்டு.

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், தம்பியைக் கிணற்றுக்குப் பறிகொடுத்த மாணவன் ஒருவன் நம் வகுப்பில் இருந்தான். "நீ அழுதால் உன் தாய் தாங்குவாளா? வீரனாக இரு" என்றோம். அவன் அழவில்லை. அவ்வாண்டு முழுதும் வாய்திறந்து பேசவும் இல்லை. அரையாண்டுத் தேர்வில் விடைத்தாளில் பெயரை மட்டும் எழுதித் தந்தான். நாம் அதற்குச் சுழியம் இட்டோம். பயிற்சிப் பள்ளியில் குழந்தை உளவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர்தாம் நாம்!

நூலுக்கு வருவோம். தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் துக்கமும் சோகமும் அழுகையும் அசாதா வேதநீயத்திற்கு வாயில் என்பது மெய்யே. ஆனால் அதே சூத்திரம், தன்னிடத்து உண்டாக்கினாலும் பிறரிடத்து உண்டாக்கினாலும் என்று சேர்த்தன்றோ கூறுகிறது? அழும் பிள்ளையை அதட்டி மேலும் நோகச் செய்பவருக்கும் அவ்வினை கட்டும். அடுத்து எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டினால், மோகநீய வினையின் பிரிவாகிய ஒன்பது நோகஷாயங்களுள் சோகமும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. முன் கட்டிய வினை உதயமாகி நிற்பதே சோகம். காய்ச்சல் கண்டவனிடம் "சுடாதே" என்று சொன்னால் உடல் குளிருமா?

ஒன்பதாம் அத்தியாயம் இன்னும் தெளிவானது. விருப்பமானவரைப் பிரிந்து அதையே எண்ணி எண்ணி வருந்துதல் ஆர்த்த தியானத்தின் ஒரு வகை; இஷ்ட வியோகம் என்பர். அது யாருக்கு உண்டாகும்? விரதம் ஏலாதவர்க்கு, அணுவிரதிகளுக்கு, ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவர்க்கும் உண்டாகும் என்கிறார் உமாசுவாமி ஆசாரியர். மயிற்பீலி ஏந்திய முனிவர்க்கே நேரக்கூடியது பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நேரலாகாது என்று விதிக்க நாம் யார்?

இரவிசேனரின் பதும புராணத்தில் இலக்குவன் இறந்த பகுதியை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? இராமன் தம்பியின் உடலை விட மறுத்தான். நீராட்டினான், அணி பூட்டினான், ஊட்ட முயன்றான், ஆறு மாதம் தோளில் சுமந்து திரிந்தான். தேற்ற வந்தோர் சொல் எதுவும் செவியில் ஏறவில்லை. இறுதியில் வந்தவர் இரு தேவர்கள். முற்பிறப்பில் ஒருவர் சடாயு, மற்றவர் படைத்தலைவர் கிருதாந்தவக்திரர். அவர்கள் அறிவுரை கூறித் தொடங்கவில்லை. அவன் கண்ணெதிரே பட்ட மரத்திற்கு நீர் ஊற்றினர்; வெறும் நீரைக் கடைந்தனர்; மணலைச் செக்கிலிட்டு ஆட்டினர். தாமும் ஒரு பிணத்தைச் சுமந்து நின்றனர். "பிணத்தை ஏன் சுமக்கிறீர்கள்?" என்று அவன் வாயாலேயே கேட்கும்வரை காத்திருந்தனர். புராணம் அவன் நிலையை மோகம் என்றே சொல்கிறது, மறைக்கவில்லை. அந்த மோகத்தில் ஆறு மாதம் கிடந்தவன்தான் அதே பிறவியில் வீடு பெற்றான் என்றும் சொல்கிறது.

புராணம் போகட்டும், கல் சொல்வதைக் கேட்போம். ஒசூரிலிருந்து பெங்களூரு வழியாக ஒரே நாளில் போய்வரக் கூடிய சிரவணபெளகொளாவில், சந்திரகிரியில் ஏறியிருப்பீர்கள். போசளர் படைத்தலைவர் கங்கராசரின் மனைவி இலக்கலை 1118-இல் அங்கு ஒரு பசதி எழுப்பினார். தம் உடன்பிறந்தான் பூசனுக்கும், 1120-இல் சல்லேகனை ஏற்று உயிர்விட்ட உடன்பிறந்தாள் தேமதிக்கும் நினைவுக் கல்வெட்டு பொறிக்கச் செய்தவரும் அவரே. அறம் நன்குணர்ந்த அம்மையார். அடுத்த ஆண்டே தாமும் அந்நோன்பில் உடல் துறந்தவர். அத்தகையவரும் உடன்பிறந்தோரின் பெயர் அழிந்துவிடலாகாது என்று கல்லைத் தேடினார். பெயரைச் சொல்லாதே, நினைவூட்டாதே என்று வீட்டில் படத்தைக்கூடக் கழற்றி வைக்கும் நம் பழக்கம் எங்கிருந்து வந்ததோ!

அந்தப் பெண்ணை, நம் பழைய நூல்களுக்கு அட்டை போட உதவுமாறு ஞாயிறுதோறும் வரச் சொன்னோம். இரண்டு ஞாயிறு ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் ஞாயிறு பசையைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "டீச்சர், அன்றைக்கு அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நான் கோபத்தில் பேசவே இல்லை. அதனால்தான் இப்படி ஆயிற்றா?"

இத்தனை நாள் அவள் தோளில் சுமந்தது இதுவே. அம்மாவைப் பார்த்துக்கொள் என்றவர் எவரும் இதைக் கேட்கவில்லை. அவரவர் ஆயு வினை அவரவர் கட்டியது, தங்கையின் கோபம் அண்ணனின் ஆயுவைத் தொட வல்லதன்று என்றோம். மோதியது லாரி, பேசாத சொல் அன்று என்றும் சொன்னோம். அப்பொழுதுதான் அவள் அழுதாள். நாம் தடுக்கவில்லை. அட்டைகள் சில நனைந்தன.

பிறகு அவளே, "மன்னிப்புக் கேட்க முடியாதே" என்றாள். தசலட்சண பருவம் முடிந்து க்ஷமாவணி நாளில் நாம் பொறுத்தருள வேண்டுவது எதிரில் நிற்பவரிடம் மட்டுமா, எல்லா உயிர்களிடமுமா என்று கேட்டோம். "எல்லா உயிர்களிடமும்" என்றாள். உன் அண்ணன் உயிர் எக்கதியில் பிறந்திருந்தாலும் அவ்வெல்லாவற்றுள் அடங்கும் அன்றோ என்றோம். நெடுநேரம் சிந்தித்தாள்.

அவ்வாண்டு க்ஷமாவணி அன்று கோயிலில் கண்மூடி நின்றவள், மற்றவர்கள் கலைந்த பின்னும் நகரவில்லை. தாய் அழைக்கப் போனார், நாம் கையமர்த்தினோம். இப்பொழுதும் ஞாயிறுகளில் வருகிறாள். அண்ணனைப் பற்றிப் பேசும் நாளும் உண்டு; கணக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகும் நாளும் உண்டு.