முதல் வயலின் உரிமை

மதீனாவின் ஹர்ரா நிலத்து வாய்க்கால் பற்றிய வழக்கொன்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் மேலே. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டம் கீழே. தமது மரங்களுக்குப் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு நீரைத் திறந்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் ஸுபைரிடம் கூறினார்கள். உறவினர் என்பதால் இந்தச் சாதகமா என்று அன்சாரி கோபித்தபோது, வரம்பைத் தொடும்வரை நீரைத் தேக்கிக்கொள்ளுமாறு தீர்ப்பளித்தார்கள். முதலாவது இருவருக்கும் இலகுவான வழி. இரண்டாவதே ஸுபைரின் முழு உரிமை என்று அவ்வறிவிப்பே விளக்குகிறது.

உரிமை வேறு, ஒத்துழைப்பு வேறு என்பதே இதில் எனக்குப் புலப்படும் பாடம். மேலே இருப்பவன் தன் உரிமையிற் கொஞ்சத்தைத் தானாக விட்டுக்கொடுக்கும்போதுதான் ஒத்துழைப்பு பிறக்கிறது.

நமது நாட்டுக் குளத்து வேளாண்மைக்கும் இது புதிதல்ல. சிங்களத்தில் ‘பெத்ம’ என்றொரு முறை உண்டு. குளம் வற்றிய சிறுபோகத்தில் துருசுக்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் செய்கைக்கு எடுத்து, கடைக்கோடி வயற்காரருக்கும் அதிலே பங்கு கொடுப்பார்கள். உறுதிப்படி காணி ஒருவருடையது. அந்தப் போகத்துக்கு அதில் விதைப்பவர் இன்னொருவர்.

கல்லோயாவின் இடதுகரையில் நடந்ததும் நினைக்கத்தக்கது. 1981 சிறுபோகம் தொடங்கியபோது சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசி நீரே இருந்தது. புதிதாகச் சேர்ந்த விவசாயிகள் குழுக்கள் பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைத் துப்புரவாக்கின. முறைபோட்டுப் பாய்ச்சி, மிச்சம்பிடித்த நீரைக் கீழே அனுப்பின. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்; கீழ்முனையில் தமிழ் பேசுவோரும் இருந்தனர்.

இதை வகுப்பிற் சொன்னபோது கடைக்கோடி வயற்காரர் ஒருவரின் மகன் கேட்டான்: “மேல் வயற்காரர் தராவிட்டால் என்ன செய்ற சேர்?”

நியாயமான கேள்வி. பிறருடைய பெருந்தன்மையை மட்டும் நம்பி யாரும் விதைநெல்லை நனைக்க முடியாது. ஆகவே கீழே இருப்பவனுக்கு உரிமை எழுத்தில் வேண்டும். அது அவனது காவல். மேலே இருப்பவனுக்கோ உரிமை ஓர் எல்லை மாத்திரமே. அந்த எல்லைவரை எடுத்தே தீரவேண்டும் என்று எவரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கி, இருப்பவனிடம் உரிமையையும் இல்லாதவனிடம் பொறுமையையும் பேசுகிறோம்.

போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் கடைக்கோடி வயற்காரரை முதலிற் பேசவிட்டுப் பார்ப்போம். தண்ணீர்க் கணக்கு அவர்களுடைய வரம்பிலிருந்து மேல்நோக்கி எழுதப்படட்டும்.