ஊழ்வினையும் உடற்பிணியும்

பேசவேண்டிய வயதில் பேசாமலும் நடக்கவேண்டிய வயதில் நடவாமலும் ஒரு குழந்தை கிடக்குமாயின், நம்மவர் அதற்கு வைத்திருக்கும் விளக்கம் ஒன்றே. 'செய்த வினை' என்பர். யார் செய்த வினை? குழந்தையோ ஒன்றுமறியாதது. ஆகவே முற்பிறப்பைத் துணைக்கழைக்கின்றோம். அதுவும் போதாதெனில் பெற்ற தாயைச் சுட்டுகின்றோம். கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தைப் பார்த்தாள், பெரியவர்களின் மனத்தை நோகச் செய்தாள் என்பன போன்ற பழிகளைக் கேளாத தோட்டத்து லயம் அந்நாளில் உண்டா? பட்டணத்து மாடிவீடுதான் எவ்வகையில் மேம்பட்டது? விருந்தினர் வந்தால் அக்குழந்தை பின்னறைக்குப் போய்விடும்.

வினை உண்டா இல்லையா என்னும் பெருவழக்கைத் தீர்க்க நாம் ஈண்டு முற்படவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு துன்பத்துக்கு 'வினை' என்று பெயரிட்ட பின்னர், அதைக் குறித்து நாம் மேலும் ஏதேனும் வினவுகின்றோமா? பெயரிட்டதோடு விசாரணை முடிந்துவிடுகின்றதே!

நார்வே நாட்டில் ஓர் அம்மையார் அவ்வாறு முடித்துக்கொள்ளவில்லை. அவருக்கு இரு குழந்தைகள். பிறந்தபோது இருவரிடத்தும் குறையேதும் தோன்றவில்லை. ஆண்டுகள் ஏறின, அறிவு ஏறவில்லை. அவர்களுடைய சிறுநீரில் விபரீதமான ஒரு நெடி வீசுவதை அவர் கவனித்தார். அதற்கும் பிள்ளைகளின் நிலைக்கும் தொடர்புண்டோ என்று வைத்தியர் பலரை அணுகிக் கேட்டார்; விடை கிடைக்கவில்லை. இறுதியில் அவர் கண்டது, இரசாயனமும் கற்றிருந்த அஸ்ப்யோர்ன் ஃபோலிங் என்னும் ஆஸ்லோ வைத்தியரை. நெடியைப் பற்றிய பேச்சைத் தாயின் பிரமையென்று தள்ளாமல், அவர் சிறுநீரைப் பரிசோதித்தார். சர்க்கரை வியாதிக்காரரிடம் காணும் ஒரு பொருளை அறிவதற்காகப் பெரிக் குளோரைடு என்னும் உப்பைச் சேர்த்தார். செந்நிறம் காட்டவேண்டிய அது கரும்பச்சையாக மாறிற்று. மருந்துகளையெல்லாம் சில நாள் நிறுத்தச் சொல்லி மீண்டும் பார்த்தார், அதே பச்சை. அந்நிறத்தின் காரணத்தைத் துருவித் துருவித் தேடி, 1934-ம் ஆண்டில் தாம் கண்டதை வெளியிட்டார். இன்று பினைல்கீட்டோனூரியா என வழங்கும் அரிய நோய் அவ்வாறுதான் உலகுக்குத் தெரியவந்தது.

நோயின் இயல்பு இது. பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதத்தில் பினைலலனின் என்னும் ஒரு பொருள் உண்டு. நம் ஈரல் அதை வேறொன்றாக மாற்றிக்கொள்கின்றது. சிலருக்கு அவ்வாற்றல் பிறவியிலேயே இல்லை. மாற்றப்படாத பொருள் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கின்றது. தாய், தந்தை இருவரும் அக்குறையின் ஒரு பங்கைத் தம்முள் மறைவாகத் தாங்கியிருந்தால் மட்டுமே நோயுள்ள குழந்தை பிறக்கும். அப்போதும் ஒவ்வொரு பேற்றிலும் நாலில் ஒரு பங்கே வாய்ப்பு. தாங்குபவருக்கு நோயில்லை, ஆதலால் தெரிவதுமில்லை. தாயை மட்டும் பழிப்போர் இதனைக் கருதுவாராக.

உறவுக்குள் மணம் புரிந்தோரிடம், ஒரே முன்னோர் வழிவந்த ஒரே குறையை இருவரும் தாங்கியிருக்கும் வாய்ப்பு மிகுதி. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பதைப் பெருமையாகக் கொண்டு வந்த நாம் இதனை அறிந்திருத்தல் நலம். மணந்தவரை நோக்கி 'உனக்கு வேண்டும்' என்று விரல்நீட்டுவதற்காக அன்று. அவர்களுடைய பிள்ளைகளிற் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர்.

"இரத்தத்தில் எழுதியிருப்பதும் விதிதானே?" என்று சிலர் மடக்கக்கூடும். மடக்கட்டும். பர்மிங்ஹாம் நகரில் மற்றொரு தாய், ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் வைத்தியரிடம் ஓயாமல் வந்து, தம் மகளுக்கு ஏதேனும் செய்யுமாறு கேட்டுக்கொண்டேயிருந்தார். பிக்கலும் அவர் தோழர்களும் பினைலலனினை நீக்கிய உணவொன்றைத் தயாரித்து அச்சிறுமிக்கு ஊட்டினர். தவழாதது தவழ்ந்தது, நின்றது. உணவினால்தானா என்று உறுதிசெய்யத் தாயறியாமல் அப்பொருளை மீண்டும் சேர்த்தபோது, பெற்ற தேர்ச்சியைக் குழந்தை விரைவிலேயே இழந்தது. தாயறியாமற் செய்ததை நம்மால் மெச்ச இயலவில்லை. உண்மை வெளிப்பட்டதென்பதையும் மறுக்க இயலவில்லை. இது வெளியானது 1953-ல். 1963-ல் ராபர்ட் கத்ரி என்பார், சிசுவின் குதிகாலிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தைக் காகிதத்தில் ஒற்றி நோயைக் கண்டறியும் முறையை வெளியிட்டார். பிறந்த சில நாட்களில் கண்டறிந்து உணவை மாற்றினால், அக்குழந்தை மற்றவரைப்போல் வளர்ந்து படிக்கின்றது. விதி எழுதப்பட்டிருந்த இடம் பாற்புட்டியாக இருந்தது!

ஆயினும், பகுத்தறிவு பேசும் நாம் மார்தட்டிக்கொள்ளுமுன் ஒன்றை நோக்கவேண்டும். ஃபோலிங் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட அதே 1934-ம் ஆண்டின் ஜனவரியில், பரம்பரை நோயுள்ளவரென்று கருதப்பட்டோரை மலடாக்கும் சட்டம் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. 1940, 1941-ம் ஆண்டுகளில் அந்நாட்டு ஆட்சியினர் 70,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை நச்சுவாயு அறைகளிற் கொன்றனர். அவர்கள் முற்பிறப்பைக் கூறவில்லை, விஞ்ஞானத்தையே கூறினர். 'பாவப்பட்ட பிறவி' என்பதற்கும் 'பயனற்ற பிறவி' என்பதற்கும் எவ்வளவு தூரம்? இரண்டிலும் குழந்தையின்மேல் தீர்ப்பு உண்டு. குழந்தையைப் பற்றிய கேள்வி இல்லை.

மருந்தில்லாத நோய்கள் இன்றும் எத்தனையோ. அந்த நார்வே அம்மையாரின் பிள்ளைகளுக்கே, அவர் கேள்வியால் விளைந்த நன்மை உரிய காலத்தில் எட்டவில்லை. பின் அறிந்து என்ன பயன்? தாயின் தலைமேல் ஏற்றிய பழி இறங்கும். பிள்ளை பின்னறையிலிருந்து கூடத்துக்கு வரும். இவை சிறியனவென்று நாம் எண்ணவில்லை.

1938-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் அம்மையாருக்கு, 1920-ல் சீனாவில் ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு அறிவு வளரவில்லை. நெடுங்காலம் அவளைப் பற்றி உலகறியப் பேசாதிருந்த அம்மையார், 1950-ல்தான் அவளைக் குறித்து வெளிப்படையாக எழுதி நூலாக்கினார். அத்தனை புகழுற்ற கைக்கும் அதை எழுத முப்பது ஆண்டுகள் ஆயின. அம்மகளின் நோயும் பினைல்கீட்டோனூரியா என்பது அதற்குப் பின்னரே தெரியவந்தது.