பல்லுக்கு வாசல் இல்லாத சட்டம்

பல் மருத்துவர் தரும் ரசீது பெரும்பாலும் கையகலத் தாள்தான். ‘ஆர்.சி.டி. 36’ என்று ஒரு வரி, அடுத்து ‘கேப்’, கடைசியில் ஒரு தொகை. ஆர்.சி.டி. என்றால் வேர் சிகிச்சை; 36 என்பது கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைத்து ஆயுள் முழுக்க அரைக்க வேண்டிய பல் அது. அந்த ரசீதோடு வருமான வரிச் சட்டத்துக்குள் நுழையப் பார்ப்பவருக்கு வாசல் எளிதில் அகப்படாது.

பலரும் முதலில் போய் நிற்பது 80டி பிரிவில். அது மருத்துவச் செலவுக்கான பிரிவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில் அது முதன்மையாகக் காப்பீட்டு பிரீமியத்துக்கான பிரிவு. அறுபது வயதுக்குக் கீழே உள்ளவர் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான மெடிக்ளைம் பாலிசி சொத்தைக்கும் வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் பணம் தராது. பைக்கிலிருந்து விழுந்து மருத்துவமனையில் சேரும் அளவுக்கு அடிபட்டால் பல்லும் கணக்கில் வரும். மென்று மென்று தேய்ந்து போன பல் உங்கள் சொந்த விவகாரம்.

இதே பிரிவில், நோய் வருமுன் செய்துகொள்ளும் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை இடமுண்டு. ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். அந்தப் பரிசோதனையில் சொத்தை தெரியவந்தால், அடைக்கும் செலவு நம்முடையது.

அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கிறது. அவர்களின் மருத்துவச் செலவை, பல் சிகிச்சை உட்பட, 50,000 ரூபாய் வரை அவர்களோ அதைச் செலுத்திய பிள்ளைகளோ கழித்துக்கொள்ளலாம். இரண்டு நிபந்தனைகள். பணம் ரொக்கமாகத் தரக் கூடாது. அவர் பெயரில் மருத்துவக் காப்பீட்டுக்கு பிரீமியம் கட்டியிருக்கக் கூடாது. அதாவது, எதற்கும் இருக்கட்டும் என்று அப்பாவுக்கு ஒரு பாலிசி எடுத்த மகன், அந்த பாலிசி பல்லைத் தொடாது என்றாலும், அப்பாவின் பல் செலவைக் கணக்கில் காட்ட முடியாது. முன்யோசனை இல்லாதவருக்குச் சலுகை, உள்ளவருக்கு இல்லை. சலுகை கிடைத்தாலும் எவ்வளவு? 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 30,000 ரூபாய் செலவழித்தால் திரும்பி வருவது 6,240.

கொடிய நோய்களுக்கான 80டிடிபி பிரிவில் புற்றுநோய் உண்டு, சிறுநீரகச் செயலிழப்பு உண்டு. வாயில் புற்றுநோய் வந்தால் சட்டம் வாயைத் திறந்து பார்க்கும். அதற்கு முன்னால் அந்த வாயில் நடப்பவை அதன் கண்ணில் படுவதில்லை.

2018 வரை சம்பளக்காரர்களுக்கு ஒரு சிறு வழி இருந்தது. மருத்துவ பில் காட்டி அலுவலகத்தில் வாங்கும் தொகையில் 15,000 ரூபாய்க்கு வரி கிடையாது. பல் மருத்துவரின் பில்லும் அதில் சேரும். அந்த ஆண்டு பட்ஜெட் இதையும் 19,200 ரூபாய் போக்குவரத்துப் படிச் சலுகையையும் நீக்கிவிட்டு, 40,000 ரூபாய் நிலைக் கழிவைத் தந்தது. கூடுதலாகக் கிடைத்தது 5,800. அதே பட்ஜெட்டில்தான் 3 சதவீத மேல்வரி 4 சதவீதமாகி, ‘சுகாதாரம் மற்றும் கல்வி மேல்வரி’ என்று பெயரும் சூட்டிக்கொண்டது. மருத்துவ பில்லுக்கான சலுகை போன நேரத்தில் வரியின் பெயரில் சுகாதாரம் வந்து சேர்ந்தது.

2023-24 முதல் நாமாக மறுத்தாலொழிய புதிய வரிமுறைதான் பொருந்தும். அதில் 80டி-க்கே இடமில்லை. வரி விகிதம் குறைவு, ஆகவே யார் எதற்குச் செலவு செய்தார் என்று அரசு கேட்பதில்லை. நியாயமான வாதம்தான். பல்வலிக்காரருக்கும் வலியில்லாதவருக்கும் ஒரே வரி என்பதும் ஒருவகைச் சமத்துவம்.

இன்னும் தாராளமான நாடுகளைப் பார்த்தால் வேறொரு சிக்கல் தெரிகிறது. அயர்லாந்தில் பல் சிகிச்சைக்கு 20 சதவீத வரி நிவாரணம் உண்டு. பல் மருத்துவர் ‘மெட் 2’ என்ற படிவத்தில் கையொப்பமிட்டுத் தருவார். வேர் சிகிச்சை, கேப், பல் சீரமைப்புக் கம்பி எல்லாம் அதில் வரும். சாதாரண அடைப்பு, சுத்தம் செய்தல், பல் பிடுங்குதல், பல் செட் ஆகியவை ‘வழக்கமான சிகிச்சை’ என்பதால் வராது. பல்லைக் காப்பாற்றப் பெருந்தொகை செலவழிக்க முடிந்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. கட்டுப்படியாகாமல் பிடுங்கிக்கொண்டவருக்கு எதுவும் இல்லை.

வரிச்சலுகை எந்த நாட்டிலும் வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவரைத்தான் எட்டும். சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வருபவர்களில் பலர் வருமான வரிப் படிவத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள். அவர்களுக்குப் பிரிவு எண்ணால் ஆவது ஒன்றுமில்லை. ஊர்ப்பக்கத்திலேயே சொத்தையைக் காலத்தில் அடைத்துவிடும் ஒரு மருத்துவரும் நாற்காலியும்தான் அவர்களுக்கு நிவாரணம்.

எனவே, பெற்றோருக்கு அறுபது தாண்டி, காப்பீடும் இல்லாமல், நீங்கள் பழைய வரிமுறையிலும் இருந்தால், பல் மருத்துவருக்கு வங்கி வழியாகவே பணம் செலுத்துங்கள். நோயாளியின் பெயரோடு ரசீது கேட்டு வாங்குங்கள். சட்டம் தருவதை விட வேண்டாம். ஆனால் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் கோரிக்கை வைப்பதானால், வரிக் கழிவைக் கேட்பதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் அந்த நாற்காலியைக் கேளுங்கள்.