முந்நூற்றுவர் கேட்ட கேள்வி



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் அன்பர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்குத் தீட்சை தந்தவர் யார்? அவருக்குத் தந்தவர் யார்? உங்கள் பாட்டனார் மலையேறி முடியிறக்கி வந்தவர்தாமே? நீங்கள் மட்டும் பௌத்தர் ஆனது எவ்வாறு?" என்று உறவினரே வினவுகின்றனர். திரிசரணம் சொல்லிப் பஞ்சசீலம் ஏற்ற நாள் நெஞ்சில் பசுமையாக இருந்தபோதிலும், இவ்வினாவின் முன் உள்ளம் ஒரு கணம் கூசுகின்றது. 'நாம் பெற்றது முறையானதுதானா?' என்ற ஐயம் முள்ளாய்த் தைக்கின்றது.

இம்முள்ளைக் களைய நம்மவருள் சிலர், "அந்த மலையே ஒரு காலத்தில் நம்முடையது" என்று வழக்காட முற்படுகின்றனர். அன்பர்களே, அந்த வழக்கு நமக்கு வேண்டா. பிறர் அன்புடன் தொழும் தலத்தின்மீது உரிமை கொண்டாடித்தான் நம் நெறியின் பழமையை நிறுவ வேண்டும் என்பதில்லை. மண்ணுக்கு உரிமை கோருவது வேறு. தம்மத்துக்கு உரியவராவது வேறு. மேலும், இந்த ஐயம் நமக்கு மட்டும் வந்ததன்று. ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, நம்மினும் மேலான ஒழுக்கம் பூண்ட முந்நூறு பெண்மணிகளுக்கும் இதே ஐயம் வந்தது. அது தீர்ந்த ஆண்டு கி.பி. 434. அவ்வோராண்டின் நிகழ்ச்சியையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

அக்காலத்தை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வோம். சித்தூரும் திருப்பதியும் அடங்கிய இந்த வட்டாரம் தொண்டை மண்டலத்தின் வடபகுதி. காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலம். 436-ஆம் ஆண்டையொட்டிப் பல்லவன் சிம்மவர்மன் அரியணை ஏறினான். இலங்கையிலோ மகாநாம மன்னன் காலத்தில் ஆசாரிய புத்தகோசர் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி விசுத்திமக்கத்தை இயற்றினார். மகாநாமனுக்குப் பின் தமிழ் மன்னர் அறுவர் ஒருவர்பின் ஒருவராக அங்கே ஆட்சி செய்தனர். அவருள் ஒருவனாகிய குட்டபாரிந்தன், கல்வெட்டில் 'புத்ததாசன்' என்னும் அடைமொழியுடன் காணப்படுகின்றான். தமிழரும் புத்தரின் அடியவர் என்று சொல்லிக்கொண்ட காலம் அது.

அந்நாளில் சீன தேசத்தின் தென்பகுதியை லியூ சொங் மரபினர் ஆண்டனர். அவர்களுடைய தலைநகர், இன்று நான்ஜிங் எனப்படும் நகரம். அங்கே பிக்குணியர் பலர் இருந்தனர். ஆனால், விநய விதிப்படி ஒரு பெண் பிக்குணியாவதற்குப் பிக்குணி சங்கம், பிக்கு சங்கம் ஆகிய இரண்டின் முன்னும் உபசம்பதை பெற வேண்டும். சீனத்தில் முதலில் துறவு பூண்ட பெண்களுக்கு உபசம்பதை அளிக்கப் பிக்குணியர் எவரும் அங்கே இல்லை. ஆகவே, அவர்கள் பிக்குகளிடமிருந்து மட்டுமே அதனைப் பெற்றனர். அவர்கள் வழியிலேயே பின்வந்தோரும் பெற்றனர்.

429-ஆம் ஆண்டில் நந்தி என்னும் கப்பல் தலைவரின் மரக்கலத்தில் இலங்கைப் பிக்குணியர் சிலர் அந்நகரை அடைந்தனர். அவர்கள் செங்-குவோ என்னும் சீனப் பிக்குணியிடம், இதற்கு முன்பு அயல்நாட்டுப் பிக்குணியர் இங்கு வந்ததுண்டா என்று கேட்டனர். இல்லை என்றார் அவர். அங்ஙனமாயின் இங்குள்ளோர் இரு சங்கங்களிடமும் உபசம்பதை பெற்றது எவ்வாறு என்று மீண்டும் கேட்டனர். எளிய வினாதான், எனினும் அது அந்நகரத்துப் பிக்குணியர் உள்ளங்களை எல்லாம் அசைத்துவிட்டது.

அவர்கள் என்ன செய்தனர் என்பதைக் கருதிப் பாருங்கள். கேட்டவர்மீது சினம் கொள்ளவில்லை. தங்கள் பழமையைப் பேசிப் பெருமை பாராட்டவில்லை. நாணித் துவராடையைக் களைந்துவிடவும் இல்லை. அறிந்தவரிடம் சென்று கேட்டனர். அந்த அறிஞர் குணவர்மர். காசுமீர நாட்டின் அரச குலத்திற் பிறந்து, துறவு பூண்டு, இலங்கையிலும் சாவகத்திலும் தம்மம் போதித்து, 431-இல் சீனத் தலைநகர் சேர்ந்தவர். அவர் முன்னைய தீட்சையைச் செல்லாதென்று தள்ளவில்லை. முதற் பிக்குணியாகிய மகாபிரஜாபதி கௌதமியார் எட்டுப் பெருவிதிகளை ஏற்றே துறவுரிமை பெற்றார். அவருக்கு முன் பிக்குணி சங்கம் ஏது? ஆகவே, தொடக்கத்தில் இருந்த குறை பழியாகாது. ஆயினும், மீண்டும் முறைப்படி பெற விரும்புவது நன்றே. அதனால் சீலம் மேலும் உறுதிப்படும். இதுவே அவர் கூறிய விடையின் சாரம்.

ஆனால் உடனே அது கைகூடவில்லை. உபசம்பதைக்குப் பிக்குணியர் பதின்மர் கூட வேண்டும். வந்திருந்த இலங்கையர் அவ்வெண்ணிக்கைக்குக் குறைவு. எனவே வந்தோர் சீன மொழியைக் கற்கத் தொடங்கினர். மேலும் பிக்குணியரை அழைத்துவர இலங்கைக்குச் செய்தி சென்றது. அவ்வாண்டிலேயே குணவர்மர் காலமானார். தாம் ஊன்றிய வித்தின் முளையை அவர் காணவில்லை. 433-இல் அதே நந்தியின் கப்பல் மேலும் பதினொரு இலங்கைப் பிக்குணியரைக் கொணர்ந்தது. இந்தியத் துறவியாகிய சங்கவர்மரும் அவ்வாண்டே அங்கு வந்தார். 434-இல் அவர் ஆசாரியராய் நிற்க, முந்நூற்றுக்கு மேற்பட்ட பிக்குணியர் இரு சங்கங்களின் முன்னும் மீண்டும் உபசம்பதை பெற்றனர். ஐயம் தீர ஐந்தாண்டுகள் ஆயின. அந்த ஐந்தாண்டுகளிலும் அவர்கள் சீலத்தைக் கைவிடாமலே காத்திருந்தனர்.

இதன் பயனைக் கேளுங்கள். 1017-இல் சோழர் படை இலங்கை மன்னனைச் சிறைப்பிடித்தது. அப்போர்களுக்குப் பின் அத்தீவில் பிக்குணி சங்கம் மறைந்தொழிந்தது. படை நடத்தியவர் தமிழர் என்பதையும் நாம் மறைக்கலாகாது. கொடுத்தவர் வீட்டில் விளக்கு அணைந்தது; பெற்றவர் வீட்டில் எரிந்துகொண்டே இருந்தது. 1998-ஆம் ஆண்டில் புத்தகயையில், சீன மரபில் வந்த பிக்குணியரின் துணையுடன் இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றனர். அவ்வாண்டே தம்புள்ளையிலும் உபசம்பதை நடந்தது. தேரவாத சங்கத்தார் அனைவரும் இதனை இன்னும் ஒப்பவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், 434-இல் கடல் கடந்து அளித்த கொடை 1564 ஆண்டுகள் கழித்துத் தாய்வீடு திரும்பியது என்பதை எண்ணும்போது உள்ளம் உருகாதார் யார்?

இனி நம் நிலைக்கு வருவோம். 1898-இல் பண்டித அயோத்திதாசர் கொழும்பு சென்று சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கத்தின் கிளை, சித்தூர் எல்லைக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் தழைத்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தாமும் தீட்சை பெற்று, திரண்டிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கும் தாமே தீட்சை அளித்தார். நம் தொடக்கமும் இத்தகையதே. அது குறையுடையது என எவரேனும் சொன்னால், முந்நூற்றுவரைப் போலச் சினமும் நாணமும் இன்றிக் கேட்டுக்கொள்வோம். ஐயம் நீங்காதவர் பிக்கு ஒருவரை அடைந்து மீண்டும் சீலம் ஏற்கட்டும், பௌர்ணமிதோறும் ஏற்கட்டும். பஞ்சசீலத்தை மீண்டும் ஏற்பது முன்னதைப் பொய்யாக்காது, அதனை வலுப்படுத்தும்.

"உனக்குத் தந்தவர் யார்?" என்ற கேள்விக்கு வாயால் விடை சொல்லலாம். "உன்னிடமிருந்து பெற்றவர் யார்?" என்ற கேள்விக்கோ வாழ்க்கையால் மட்டுமே விடை சொல்ல இயலும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் திரிசரணத்தின் பொருள் தெரியுமா? கொல்லாமை, கள்ளாமை, காமத்தில் பிறழாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்தையும் உங்கள் மனையில் காணும் அயலார், இவர்கள் வேறு வழியில் நடப்பவர் என்று உணர்கின்றனரா? உங்கள் மகளிர் பின்வரிசையில் அமர்கின்றனரா, தம்மம் பேச முன்வருகின்றனரா? இவற்றிற்கு ஆம் எனச் சொல்லக்கூடியவரின் தீட்சை குறித்து ஐயுற வேண்டியதில்லை.

434-ஆம் ஆண்டில் ஆண்ட அரசர் பலரின் பெயர்களை உலகம் மறந்தது. கடல் கடந்து சென்ற பிக்குணியர் பெரும்பாலோரின் பெயர்களும் நமக்கு எட்டவில்லை. அவர்கள் கொண்டு சென்ற சீலமோ இன்றும் வாழ்கின்றது. அந்தப் பெயரறியாத் தாயரை நினைந்து, நாமும் பெற்றதைக் காத்துப் பிறர்க்கு அளிப்போமாக!

சாது! சாது! சாது!