வேனில் படுத்திருப்பவர்கள்



கிறிஸ்மஸ் வாரத்தில் கொடைக்கானலில் ரூம் தேடி அலைந்தவர்களுக்கு, சத்திரத்தில் இடமில்லாத கதையை நான் விளக்க வேண்டியதில்லை. லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் அதற்கடுத்த வசனத்துக்குப் போவோம். ஊரே தூங்கும் நேரத்தில் மேய்ப்பர்கள் வெட்டவெளியில் ஆட்டுக்குக் காவல் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். இயேசு பிறந்த செய்தியோடு தேவதூதன் அவர்களைத் தேடித்தான் வந்தான்.

பளியர் பழங்குடியினரும் வில்பட்டி கிராமத்தாரும் வாழ்ந்த இந்த மலைக்கு, 1845-இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்தார்கள். பின்னாலேயே ஆங்கிலேய அதிகாரிகள். இந்தத் தூய பேதுரு ஆலயம் அவர்கள் காலத்தில், 1880-களில் எழுந்த ஆங்கிலிக்கன் கோயில். 1947-க்குப் பிறகு தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்க வந்தவர்கள் நன்றாகப் பாருங்கள், தப்பில்லை.

ஆனால் துரைமார் மேலே வந்தது எப்படி? மோட்டார் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்துப் பாதையில், டோலியிலும் நாற்காலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். இறக்கிவிட்டு அந்தக் குளிரில் அவர்கள் எங்கே படுத்தார்கள்? இங்குள்ள பழைய கல்லறைகளில் சுமக்கப்பட்டவர்களின் பெயர்களைப் படித்திருக்கிறேன். சுமந்தவர் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

இன்று சாயங்காலம் நான் வரும்போது வாசலில் ஒரு வேன். கண்ணாடியெல்லாம் பனி மூடியிருந்தது. உள்ளே சீட்டைச் சாய்த்து, காதோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் சுருண்டு கிடந்தார். உங்களில் யாரையோ அழைத்து வந்தவர்தான். விடுதிகள் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி செய்ய வேண்டுமென்று 2023-இல் தமிழக அரசு விதி கொண்டுவந்தது. சபை எப்போதோ கேட்டிருக்க வேண்டியதை அரசாணை கேட்டிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வெட்கம்தான்.

அவரை உள்ளே அழையுங்கள் என்றால், "ஐயா, அவர் நம்ம மதமில்லையே" என்பீர்கள். மேய்ப்பர்களிடம் தூதன் என்ன விசாரித்தான்? ஆராதனைக்கு வர இஷ்டமா என்று கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள். தூங்குவேன் என்றால் சுக்குக் காப்பியும் ஒரு கம்பளியும் கொடுத்துவிட்டு வாருங்கள். சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். ராத்திரி எங்கே படுக்கப் போகிறார் என்பதை விடுதியில் போய் நீங்களே விசாரியுங்கள்.

ஓட்டுநர்களுக்காகப் பின்னால் இரண்டு பெஞ்சு காலியாக வைத்திருக்கிறோம். அவர்களை அழைத்துவர வாலிபர் சங்கத்துத் தம்பிகள் இப்போதே எழுந்து போகலாம். தம்பிகள் திரும்பியதும் மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.