மகப்பேற்றுக்குச் சான்று யாது?

உச்சமுனைக் கடலோரத்தேமாகிய நமக்கு 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மறத்தற்கரியது. அதன்பின் கல்முனை மருத்துவமனையில் எண்பத்தோராவதாகச் சேர்க்கப்பட்ட பச்சிளங் குழவி ‘குழந்தை 81’ எனப்பட்டது. அதனைத் தம் மகவென்றோரிடம் அதனை மெய்ப்பிக்கும் பத்திரம் இல்லை. ஆகலின் நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டது. மரபணுவிற் சில சிறு தொடர்கள் மீள மீள வரும். அவ்வெண்ணிக்கை ஆள்தோறும் வேறுபடும். ஒவ்வோரிடத்தும் பிள்ளைக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றும் வந்திருத்தல் வேண்டும். இங்ஙனம் ஒப்பிட்டு 2005 பெப்ரவரியில் அவர்களே பெற்றோரென நிறுவினர்.

தாயின் சொல்லை நம்பாது ஆய்வுக்கூடத்தை நாடியது அறமாமோ எனின், அறமே என்க. அன்பு தாய்க்குத் தன் மகவைக் காட்டும், நடுவர்க்குக் காட்டாது. மகவிழந்த பிறிதொரு தாயும் மெய்யன்பினாலேயே மயங்குதல் கூடும். குழவியோ வாய்பேசாது, அதன்பொருட்டுப் பேசியது, புகைகண்டு நெருப்புண்டெனத் துணியும் கருதலளவையே. எனினும் அச்சோதனை பெற்றாரைக் காட்டுமேயன்றி, வளர்க்கும் அன்பை அளவாது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனாம்.